எழும்பூர் மியூசியம்: கையில் ஒரே நாள், எதை விடலாம், எதை விடக் கூடாது?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து சென்னை வருகிறோம். கல்யாணத்துக்கு மறுநாள் பகல் முழுக்கச் சும்மாதான் இருப்போம். ராத்திரி எழும்பூரில் ரயில். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கீழடி அருங்காட்சியகம் திறந்த புதிதில் கூட்டிப் போனேன், அதிலிருந்து பானை ஓடு, பாசிமணி என்றால் அவளுக்கு உயிர். பீச் வேண்டாம், மால் வேண்டாம், எழும்பூர் மியூசியம்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

நான் பள்ளியில் படிக்கும்போது சுற்றுலாவில் ஒரு முறை கூட்டிப் போனார்கள். வரிசை கலையாதே, எதையும் தொடாதே, இந்த இரண்டும்தான் அன்றைக்குக் காதில் விழுந்தவை. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது. இப்போது ஆறு கட்டடம், 46 காட்சிக்கூடம் என்று படித்ததும் தலை சுற்றுகிறது. வீட்டில் அம்மாவும் கூட வருகிறார், முழங்கால் வலி உண்டு. எங்கிருந்து தொடங்குவது? எதை விட்டால் பரவாயில்லை?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மகள் கேட்டது. "ஆதிச்சநல்லூர் தூத்துக்குடிப் பக்கம், அமராவதி ஆந்திராவில், நடராஜர் திருவாலங்காட்டில். எல்லாம் ஏம்ப்பா மெட்ராஸ்ல இருக்கு? யார் தூக்கிட்டு வந்தா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் அவளிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

மெட்ராஸ்வாசி:

சார், முதலில் கிழமையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட் வரை வந்து திரும்புவது இதனால்தான். மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள், மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். ஒன்பதரைக்கே போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் பள்ளிக்கூடப் பேருந்துகள் வர ஆரம்பித்தால் உள்ளே பேச்சுக்குரலே கேட்காது.

என் யோசனை: நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். உலகத்தில் இப்படி ஒரு தொகுப்பு வேறெங்கும் கிடையாது. அதைப் பார்த்தாலே வந்த வேலை முடிந்த மாதிரி. அம்மாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நீங்களும் மகளும் மற்றதைச் சுற்றலாம். நேரம் இருந்தால் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கன்னிமாரா நூலகத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள், 1896-இல் திறந்தது. பக்கத்தில் வட்டமான சிவப்புக் கட்டடம் மியூசியம் தியேட்டர். ஹென்றி இர்வின் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா நினைவு மண்டபமும் அதே வளாகம்தான். ஃபத்தேபூர் சிக்ரி சாயலில் இளஞ்சிவப்புக் கல்லில் இருக்கும், கேமரா கட்டாயம்.

எங்கள் பாட்டி கடைசிவரை இந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. மகளிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

வைகைக்கரை:

நன்றி சார். முகூர்த்தம் வியாழக்கிழமை! மறுநாள் வெள்ளி. நல்ல வேளை இப்போதே சொன்னீர்கள். டிக்கெட்டைச் சனிக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

சரித்திர டீச்சர்:

மெட்ராஸ்வாசி சொன்ன கிழமையும் நேரமும் சரி. ஆனால் வெண்கலக் கூடத்தில் தொடங்காதீர்கள். அது கடைசி. அதை முதலில் பார்த்துவிட்டால் அப்புறம் கல் ஆயுதமும் துருப்பிடித்த வாளும் கண்ணில் ஏறாது. நான் வடசென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். 46 கூடத்தையும் காட்டிய வருஷங்களில் அவர்களுக்குக் கால்வலிதான் மிச்சம். அப்புறம் ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஐந்தே ஐந்து பொருள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே கேள்வி: இது இங்கே எப்படி வந்தது? உங்கள் மகள் கேட்டிருக்கிறாளே, அதேதான். அந்தப் பெண் என் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவள்.

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடத்தின் கதை. 1851-இல் தொடங்கியபோது சிலையும் கிடையாது, செப்பேடும் கிடையாது. மெட்ராஸ் இலக்கியச் சங்கம் சேர்த்து வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் கல், கனிம மாதிரிகள்தான் முதல் சரக்கு. இடமும் எழும்பூர் இல்லை. நுங்கம்பாக்கத்தில் காலேஜ் ரோட்டில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர். கம்பெனிக்காரர்களுக்கு இந்த மண்ணில் என்ன தாது இருக்கிறது, என்ன மரம் வளர்கிறது, எது காசாகும் என்று தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில்தான் தொடங்கினார்கள் என்பது என் எண்ணம். 1854-இல் பாந்தியன் என்ற மாளிகைக்கு மாறியது. வெள்ளைக்காரர்கள் கூடி விருந்தும் நடனமும் நடத்திய இடம், பாந்தியன் ரோடு என்ற பேர் அதனால்தான். மறு வருஷமே பால்ஃபர் அங்கே உயிருள்ள மிருகங்களையும் கொண்டுவந்து வைத்தார். ஜனங்கள் புலியைப் பார்க்க வந்து அப்படியே கல்லையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மிருகங்கள்தான் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூர் போய்ச் சேர்ந்தன. உங்கள் அம்மாவின் வயசுக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் பக்கத்து 'ஜூ' ஞாபகம் இருக்கும்.

சரி, முதல் பொருள். தொல்பழங்காலப் பகுதியில் இருக்கும் கைக்கோடரிகள். பார்க்க வெறும் கல். பிள்ளைகள் நிற்கவே மாட்டார்கள். நான் அங்கே நின்று, "பல்லாவரம் தெரியுமா, ஏர்போர்ட்டுக்கு அந்தப் பக்கம்?" என்று கேட்பேன். எல்லோருக்கும் தெரியும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்மண் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர், ஆதிமனிதன் கையால் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனின் கருவி என்று அடையாளம் கண்ட முதல் கல் அது. சில மாதம் கழித்து வில்லியம் கிங் என்பவரோடு அத்திரம்பாக்கம் போனார், அங்கே இன்னும் நிறையக் கிடைத்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வரை வயசு என்று 2011-இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஃபூட் நாற்பது வருஷம் போல ஊர் ஊராகச் சேர்த்ததை 1904-இல் மியூசியம் அவரிடமே காசு கொடுத்து வாங்கியது. ஆக, உங்கள் மகளுக்கு முதல் பதில்: இது விலைக்கு வாங்கியது. அரசாங்கச் சம்பளத்தில் மலை அளக்கப் போனவர் வழியில் பொறுக்கியதை அரசாங்கமே விலைக்கு வாங்கலாமா என்று என் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நல்ல சண்டை நடந்தது அன்றைக்கு.

இரண்டாவது ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக்குத் தென்கரையில் பெரிய இடுகாடு, முதுமக்கள் தாழிகள். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டி, கிடைத்ததில் ஒரு பங்கை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். பிறகு 1899-இல் தொடங்கிச் சில வருஷம் தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நடுவில் பிரான்ஸிலிருந்தும் ஒருவர் வந்து எடுத்துப் போனார். ரீ எடுத்தவைதான் எழும்பூரில் இருப்பவை. அங்கே தங்கத்தில் மெல்லிய தகடாக நெற்றிப்பட்டங்கள் இருக்கின்றன. இரண்டு முனையிலும் நூல் கோக்க ஓட்டை. இறந்தவரின் நெற்றியில் கட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. வெண்கலச் சாடிகளின் மூடியில் எருமையும் பறவையும் நிற்கும், அவ்வளவு சின்னதாக, அவ்வளவு உயிரோடு. கீழடியைப் பார்த்த பெண் என்றால் இங்கே அரை மணி நேரம் நிற்பாள், அவசரப்படுத்தாதீர்கள். கீழடியில் வாழ்ந்தவர்களின் பொருள், இங்கே செத்தவர்களோடு வைத்த பொருள். வித்தியாசத்தை அவளே சொல்கிறாளா என்று பாருங்கள்.

மூன்றாவது அமராவதி. எனக்கு இதில் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, நடராஜரை விட இதைத்தான் பிடிக்கும்.

கிருஷ்ணா நதிக்கரையில் பெரிய பௌத்தத் தூபி ஒன்று இருந்தது. வெண்மையில் லேசாகப் பச்சை ஓடும் சுண்ணாம்புக்கல்லில் முழுக்கச் செதுக்கியது. 1790-களில் அந்தப் பகுதி ஜமீன்தார் தன் தலைநகரை அங்கே மாற்றியபோது, மேட்டிலிருந்து கல்லைப் பெயர்த்து வீடு கட்ட எடுத்தார்கள். நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார், பிறகு 1816-இல் மறுபடி போனபோது தூபி அநேகமாகக் கரைந்திருந்தது. 1845-இல் வால்டர் எலியட் என்ற மெட்ராஸ் அரசு அதிகாரி தோண்டி எடுத்த கற்கள் மெட்ராஸுக்கு வந்தன. வந்து என்ன ஆயிற்று? வருஷக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் நூற்றுக்கு மேற்பட்ட கற்களைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு வண்டிக்கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள், ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை ஆய்வாளர் கண்ணில் பட்டு வெளிச்சத்துக்கு வந்தது. இன்றைக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் அதற்கென்று தனிக் கூடம். நம் பக்கம் இருந்தவற்றைச் சுவரில் பதித்து சிமென்ட் பூசினார்கள், அதனால் கல்லில் உப்பேறியது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். பாதுகாக்கிறோம் என்று செய்ததும் சேதம்தான் என்பது வரலாற்றுப் பாடத்தில் வராது.

அங்கே வட்டமான ஒரு சிற்பத்தைத் தேடுங்கள். நளகிரி என்ற யானை. புத்தரைக் கொல்ல ராஜகிருகத்துத் தெருவில் மதயானையை அவிழ்த்துவிட்ட கதை. ஒரே வட்டத்துக்குள் இரண்டு காட்சி. இடப்பக்கம் யானை வெறிகொண்டு ஓடிவருகிறது, ஒருவனைத் தும்பிக்கையில் பிடித்திருக்கிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள், ஒரு பெண் பயந்து பக்கத்திலிருப்பவரைக் கட்டிக்கொள்கிறாள். வலப்பக்கம் அதே யானை புத்தர் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களைக் கட்டாயம் காட்டுங்கள். இன்றைக்குத் தெருவில் சண்டை நடந்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்க்கிறார்கள். இதையெல்லாம் செதுக்கியவன் வீதியில் நின்று பார்த்தவன், சந்தேகமே இல்லை. அமராவதியின் பழைய கற்களில் புத்தர் ஆளாகவே வரமாட்டார், காலி ஆசனம், பாதச்சுவடு இப்படித்தான் இருக்கும். நளகிரியில் ஆளாக நிற்கிறார். இரண்டு வகையையும் மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

நான்காவதாக மானுடவியல் பகுதி. நீலகிரித் தோடர்கள், இருளர்கள் இவர்களின் பொருட்கள், இசைக்கருவிகள். வேகமாகப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு நகருங்கள். 1885 முதல் 1908 வரை இங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களின் தலை நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி வைத்து அளந்து ஜாதிகளை வகைப்படுத்தப் பார்த்தவர். உதவியாளர் ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். விவரங்களுக்காக இன்றும் அதைப் புரட்டுகிறார்கள், அளவெடுத்த 'அறிவியல்' குப்பைக்குப் போய்விட்டது. பொருளைச் சேர்ப்பவர்கள் ஆளையும் பொருளாகப் பார்க்க ஆரம்பித்த கதை இது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் புரியும்.

கடைசியாக வெண்கலம். கோயில் சிலை மியூசியத்துக்கு எப்படி வரும்? அநேகமாகப் பூமிக்குள்ளிருந்து. படையெடுப்புக் காலங்களில் உற்சவ மூர்த்திகளை மணலில் புதைத்துவிட்டுப் போனார்கள். புதைத்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள், இடம் மறந்துபோனது. பல நூறு வருஷம் கழித்து யாரோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார், கடப்பாரை ணங் என்கிறது. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரூபாய் பத்து என்பது இன்னமும் அந்தச் சட்டத்தில் அப்படியே இருப்பதுதான் வேடிக்கை. தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று ஏறி இறங்கித்தான் பல தெய்வங்கள் எழும்பூர் வந்தன.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்று மற்ற நடராஜர்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சுற்றி நெருப்பு வளையம் இல்லை, பறக்கும் சடையும் இல்லை. ஆனாலும் சுழற்சி தெரிகிறது. ரோதன் என்ற பிரெஞ்சுச் சிற்பி நேரில் பார்க்காமல் புகைப்படங்களை மட்டும் பார்த்து 1913-இல் மயங்கி எழுதினார். நமக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரம். திருவெண்காட்டு அர்த்தநாரி இன்னொன்று. இடுப்பு வளைவு ஒரு பக்கம் ஒருமாதிரி, மறுபக்கம் வேறுமாதிரி. முன்னால் பார்த்ததும் பின்னாலும் போய்ப் பாருங்கள், கோயிலில் அலங்காரத்தோடு பார்க்கும்போது இது கிடைக்காது. பீடத்தில் ஓட்டைகளும் வளையங்களும் இருக்கும். வீதியுலாவுக்குக் கழி செருகித் தூக்கியவை. சில முகங்களில் மூக்கும் வாயும் மழுங்கியிருக்கும், தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து தேய்ந்தது.

நாகப்பட்டினத்து பௌத்த வெண்கலங்களையும் தவறவிடாதீர்கள். 1856-இலிருந்து பல தடவையாக, வெளிப்பாளையம் பக்கம் பூமிக்குள்ளிருந்து 300-க்கும் மேற்பட்டவை கிடைத்தன. சுமத்ராவில் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகையில் கட்டிய சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதி வைத்தான். சைவ அரசன், பௌத்த விகாரம், கடல் தாண்டிய நட்பு. அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. சில புத்தர் பீடங்களில் தமிழ் எழுத்தும் இருக்கும். உலகக் கலாச்சாரம் என்று தனியாக ஒரு கூடம் தேட வேண்டியதில்லை, இதுவே போதும்.

அம்மாவுக்கு: அமராவதிக் கூடமும் வெண்கலக் கூடமும் போதும். மீதிக்கு வெளியே மரநிழலில் உட்காரட்டும்.

பரம்புக்காரன்:

டீச்சர், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆதிச்சநல்லூரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். அந்த இடத்தை நாங்கள் பரம்பு என்போம். சின்ன வயசில் அதில்தான் ஆடு மேயும், தாழி விளிம்பு தரையில் வட்டமாகத் தெரியும். எங்கள் ஊர்ப் பொருள் பெர்லினில் இருக்கிறது, எழும்பூரில் இருக்கிறது, எங்களிடம் இல்லை. நாங்கள் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க ரயிலில் வர வேண்டும். இது என்ன நியாயம்?

2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டிய பிறகும் அறிக்கைக்கு எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இப்போது 2023-இலிருந்து தோண்டின குழியிலேயே கண்ணாடித் தளம் போட்டு, மேலே நடந்தபடி கீழே தாழியைப் பார்க்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். சார், உங்கள் மகளுக்கு நிஜமாக ஆர்வம் இருந்தால் மதுரையிலிருந்து எங்கள் ஊர் வாருங்கள். தாழி புதைந்த மண்ணில் நின்று பார்ப்பதும் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பதும் ஒன்றில்லை. தங்கப் பட்டத்தையும் ஒருநாள் கொண்டுவந்து இங்கே வைக்க வேண்டும்.

சரித்திர டீச்சர்:

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஊர்ப் பொருள் ஊரில் இருந்தால் ஊர்க்காரர்கள் காவல் இருப்பார்கள், சொந்தம் கொண்டாடுவார்கள். பெர்லினில் இருப்பதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டிருந்தால் இருந்திருக்கும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அமராவதியில் கல்லைப் பெயர்த்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. சூளாமணி விகாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நாகப்பட்டினத்துச் செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது, கப்பல்காரர்களுக்கு அடையாளமே அதுதான். கல்லூரி கட்ட இடம் வேண்டும் என்று இடித்தார்கள். கோபுரம் போய்விட்டது, மியூசியத்துக்கு வந்த சின்னச் சின்ன புத்தர்கள் இருக்கிறார்கள். அதேசமயம் சென்னையில் இருந்தால் பத்திரம் என்ற வாதத்தை லண்டன்காரன் நமக்குச் சொல்லும்போது கசக்கிறதல்லவா, அதையே நாம் ஸ்ரீவைகுண்டத்துக்குச் சொல்லக் கூடாது. என்னிடம் இதற்குத் தீர்ப்பு இல்லை. தங்கப் பட்டம் வருஷத்தில் சில மாதமாவது பரம்புக்கு வந்து போகலாம், அதில் ஒரு தடையும் எனக்குத் தெரியவில்லை. இரவல் கொடுப்பது மியூசியங்களுக்குள் வழக்கமான காரியம்தானே.

பொதுவாகவே எந்த ஊர் மியூசியத்திலும் பெயர்ப்பலகை மூன்று வரிதான்: என்ன உலோகம், எந்தக் காலம், எந்த ஊர். யார் தோண்டினார், நிலம் யாருடையது, என்ன கொடுத்து வாங்கினார்கள், இதற்கும் ஒரு வரி ஒதுக்கினால் பரம்புக்காரன் கேட்கிற கேள்வியைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அதுதான் ஆசை.

செல்லாக்காசு:

பெரிய விஷயங்களுக்கு நடுவே சின்ன விஷயம். நான் நாணயம் சேர்க்கிறவன். காசு என்றால் யாரும் நிற்கமாட்டார்கள், குனிந்து பார்க்கச் சோம்பல். மகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி பக்கம் ஒரு பானை நிறைய ரோமானியத் தங்கக் காசு கிடைத்தது. 501 காசுகள். அநேகமாக எல்லாவற்றிலும் பேரரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. தேய்ந்த காசு இனிப் பணமாகச் செல்லாது, வெறும் தங்கமாக எடைக்குத்தான் என்று காட்ட வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அந்தப் புதையலும் பிரிட்டிஷ் மியூசியம் போய்விட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் மதுரை என்பதால் இதையும் சொல்கிறேன். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் சமஸ்தானம் 1910-இல் தொடங்கிய மியூசியம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு அப்படியே சித்தன்னவாசலும் பார்த்துவிட்டு வரலாம். எழும்பூரை விடக் கூட்டம் குறைவு, நின்று பார்க்கலாம்.

மெட்ராஸ்வாசி:

டீச்சர், வெண்கலத்தைக் கடைசியில் வைத்தால் ஐந்து மணி ஆகிவிடும், கதவைச் சாத்திவிடுவார்கள். அம்மாவும் அசந்துபோவார். மூன்று மணிக்காவது அங்கே போய்விட வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சரித்திர டீச்சர்:

இது நியாயம். மூன்று மணி. அதற்குமேல் எங்கே நின்றாலும் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். மகளுக்கு நோட்டும் பென்சிலும் கொடுங்கள், போன் வேண்டாம். ஆதிச்சநல்லூர் மூடி எருமையை வரையச் சொல்லுங்கள். கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று வரையும்போதுதான் கண்ணில் படும். விலங்கியல் பகுதித் திமிங்கிலத்தையும் காட்டிவிடுங்கள், உங்களுக்கும் பார்க்க ஆசை இருக்கும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளிடம் படித்துக் காட்டினேன். தர்ஸ்டன் மூக்கு அளந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "பாட்டி மூக்கை அளந்தா என்னப்பா சொல்லியிருப்பான்?" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பரம்புக்காரன் சார், அரையாண்டு விடுமுறையில் உங்கள் ஊருக்கு வருகிறோம். திருச்செந்தூர் போகிற வழிதான் என்று அம்மாவும் சம்மதித்துவிட்டார். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் பரம்பைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட முடியுமா, இல்லை அங்கே தங்க வேண்டுமா?

எழும்பூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வண்டியில் மூன்று டிக்கெட் போட்டாயிற்று. இரண்டு உறுதி, ஒன்று ஆர்.ஏ.சி.

பரம்புக்காரன்:

தாராளமாக முடியும் சார். ஆறு மணிக்குக் கிளம்புங்கள், பத்து மணிக்குள் வந்துவிடலாம். திருநெல்வேலி வந்து திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தால் போதும், பரம்பு ரோட்டை ஒட்டியே வரும். வெயிலுக்குத் தொப்பி எடுத்து வாருங்கள், பரம்பில் மரமே கிடையாது.